பசங்க ரேஸ் குவாட்ல ப்ளக் அடிக்கடி போகுதா? எல்லாரும் கேக்கற கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கால 4 வயசு பசங்களே 50 சிசி குவாட்ல, அதாவது நாலு சக்கர ஏடிவில, ரேஸ் ஓடறாங்க. ஜிஎன்சிசி மாதிரி காட்டுப்பாதை ரேஸ்லயும் சரி, ஏடிவி மோட்டோகிராஸ்லயும் சரி, சின்னவங்களுக்குன்னு தனி கிளாஸ் இருக்கு. அந்த பசங்களோட அப்பா அம்மா எல்லாருக்கும் பொதுவா இருக்கற தலைவலி ஸ்பார்க் ப்ளக்தான். கீழ இருக்கற பதில்லாம் முக்கியமா 50லேர்ந்து 90 சிசி வரைக்கும் வர்ற 2 ஸ்ட்ரோக் வண்டிங்களுக்கு, அதாவது கோப்ரா, டிஆர்ஆர், ஈ-டான் வைப்பர், பழைய போலாரிஸ் ப்ரெடேட்டர் மாதிரி வண்டிங்க. 4 ஸ்ட்ரோக் பத்தி கடைசி பக்கமா கொஞ்சம் இருக்கு.

புது ப்ளக் போட்டா ரெண்டு லேப் கூட தாங்க மாட்டேங்குது. கம்பெனி மாத்தி வாங்கணுமா?

வேண்டாம். நல்ல கம்பெனி ப்ளக் அடுத்தடுத்து போகுதுன்னா பிரச்சனை ப்ளக்ல இல்ல, இன்ஜின்லயோ கார்ப்லயோ (கார்புரேட்டர்) கரன்ட் லைன்லயோ இருக்கு, ப்ளக் மேல அது வந்து விழுது அவ்ளோதான். போலி ப்ளக் நிறைய ஓடுது, அது உண்மை, அதனால ஆன்லைன்ல ரொம்ப சீப்பா டஜன் கணக்குல கிடைக்குதேன்னு வாங்காதீங்க, தெரிஞ்ச பார்ட்ஸ் கடையில வாங்குங்க. அப்படி வாங்கின ரெண்டு ப்ளக் ஒரே மாதிரி போச்சுன்னா மூணாவது வாங்கறத நிறுத்திட்டு போன ப்ளக்க கையில வெச்சு பாருங்க, விடை பாதி அதுலயே இருக்கும்.

கரி புடிச்சா ஏன் ஸ்பார்க் வரமாட்டேங்குது? நடுவுல கேப் (இடைவெளி) இருக்குல்ல?

கேப் இருக்கு, ஆனா கரன்ட் எப்பவும் சுலபமான வழியதான் பாக்கும். ப்ளக் மூக்குல வெள்ளையா ஒரு பீங்கான் இருக்கு பாருங்க, அது மேல கரி படிஞ்சா அந்த கரி கரன்ட்ட கடத்தும், அப்புறம் காயில்லேர்ந்து வர்ற ஆயிரக்கணக்கான வோல்ட் கேப்ப தாண்டறதுக்கு பதிலா பீங்கான் மேலயே ஊர்ந்து போய் வெளி இரும்புல இறங்கிடும். வெளிய எடுத்து ஹெட்ல (சிலிண்டர் மேல் மூடி) வெச்சு கிக் பண்ணா சில சமயம் ஸ்பார்க் நல்லா தெரியும், ஆனா உள்ள கம்ப்ரெஷன்ல ஸ்பார்க் தாண்ட இன்னும் நிறைய வோல்ட் வேணும், அங்கதான் ஃபெயில் ஆகும். அதனால "வெளிய வெச்சு பாத்தேன், ஸ்பார்க் வருது, ப்ளக் ஓகே"ன்னு முடிவு பண்ணாதீங்க.

இத செக் பண்ண சிம்பிளா ஒரு வழி இருக்கு. மல்ட்டிமீட்டர ரெசிஸ்டன்ஸ்ல வெச்சு ப்ளக் மேல் முனையையும் வெளி த்ரெட்டையும் தொட்டு பாருங்க. நல்ல ப்ளக்ல மீட்டர் ஒண்ணுமே காட்டக் கூடாது. 10 மெகாஓமுக்கு கீழ ஏதாவது நம்பர் வந்தா அது லீக் ஆகுது, தூக்கிப் போடுங்க.

ப்ளக் தன்னத்தானே சுத்தம் பண்ணிக்கும், அதுக்கு அதோட மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸ தாண்டணும். தாண்டினா படியற கரி எரிஞ்சு போயிடும். 800, 850க்கு மேல போனா ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே கலவை பத்திக்கும், பிஸ்டன் காலி. இந்த ரெண்டுக்கும் நடுவுல ப்ளக்க வெச்சிருக்கறதுதான் மொத்த வேலையும்.

பெரியவங்க வண்டில வராத இந்த தொல்லை பசங்க வண்டில மட்டும் ஏன்?

இதுதான் முக்கியமான கேள்வி, இத புரிஞ்சிக்கிட்டா பாதி ப்ளக் மிச்சமாகும். ரேஸ் 2 ஸ்ட்ரோக் இன்ஜின டிசைன் பண்ணவங்க அது முக்கால்வாசி நேரம் ஃபுல் ஆக்சிலேட்டர்ல ஓடும்னு நினைச்சு பண்றாங்க, ஆனா 5 வயசு குழந்தை அப்படி ஓட்டாது, திருப்பத்துல பயந்து விடும், முன்னாடி வண்டி நின்னா நிக்கும், ஸ்ட்ரெயிட்ல கூட கால்வாசி, அரைவாசிதான் அழுத்தும். இன்ஜின் முழு சூட்டுக்கு வர்றதே இல்ல, ப்ளக் மூக்கு அந்த 450ஐ தாண்டறதே இல்ல.

இதுக்கு மேல நாமளே ஒண்ணு பண்றோம். பெரும்பாலான பசங்க வண்டில ஆக்சிலேட்டர் பக்கத்துல ஒரு லிமிட்டர் ஸ்க்ரூ இருக்கும், குழந்தை வேகமா போகக்கூடாதுன்னு அத உள்ள திருகி வெச்சிருப்போம். பாதுகாப்புக்கு அது சரிதான், கழட்டுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா லிமிட்டர் உள்ள இருக்கற வரைக்கும் வண்டி பைலட் ஜெட்லயும் நீடில்லயும்தான் (கார்ப்ல மெதுவா, நடு வேகத்துல ஓடும்போது பெட்ரோல் விடற பாகங்கள்) ஓடுது, ஃபுல் ஆக்சிலேட்டருக்கான மெயின் ஜெட் வேலைக்கே வரல. அந்த நிலைமைல நீங்க மெயின் ஜெட்ட எத்தன தடவ மாத்தினாலும் ப்ளக் கருப்பாதான் வரும். லிமிட்டர் போட்டு ஓட்டற குழந்தைக்கு பைலட்டையும் நீடில் கிளிப்பையும் சரி பண்ணுங்க. அப்புறம் குழந்தை தேறி லிமிட்டர வெளிய எடுக்கும்போது மெயின் ஜெட்ட கண்டிப்பா மறுபடி பாருங்க, ஏன்னா அது வரைக்கும் அந்த ஜெட் சரியா தப்பான்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இன்னொண்ணு, கம்பெனிலேர்ந்து வந்தபடியே இருக்கற சில ஸ்டாக் வண்டில சிடிஐ யூனிட்லயே (ஸ்பார்க்க அனுப்பற எலக்ட்ரானிக் பெட்டி) வேகத்த கட்டுப்படுத்தி வெச்சிருப்பாங்க. குறிப்பிட்ட ஆர்பிஎம் வந்ததும் ஸ்பார்க்க வெட்டிவிடும். ஸ்பார்க் இல்லாத நேரத்துல உள்ள போற பெட்ரோலும் ஆயிலும் எரியாம ப்ளக்க நனைக்கும். குழந்தை லிமிட்டர்லயே அழுத்திப் புடிச்சு ஓட்டுதுன்னா ப்ளக் நனையறதுல ஆச்சரியம் இல்ல.

அடுத்தது பிட்ல, அதாவது ரேஸுக்கு முன்னாடி வண்டி நிக்கற இடத்துல, நடக்கறது. "சூடா இருக்கட்டும்"னு வண்டிய பத்து நிமிஷம், கால்மணி நேரம் ஐடில்ல ஓட விட்டுட்டு அப்பாங்க பேசிட்டு நிப்பாங்க. ப்ளக்க கெடுக்க இத விட சுலபமான வழி கிடையாது. ஸ்டார்ட் பண்ணுங்க, சோக்க எடுங்க, லேசா ஆக்சிலேட்டர் குடுத்து குடுத்து சிலிண்டர் தொட்டா கை சுடற அளவுக்கு கொண்டு வாங்க, ஆஃப் பண்ணுங்க. போதும்.

கழட்டின ப்ளக்க பாத்து எப்படி கண்டுபிடிக்கறது?

வெளிச்சத்துல பாருங்க, ஒரு சின்ன பூதக்கண்ணாடி இருந்தா இன்னும் நல்லது. முதல்ல நனைஞ்சிருக்கா காஞ்சிருக்கான்னு பாருங்க.

காஞ்ச கருப்பு, விரல்ல தொட்டா புகைக்கரி மாதிரி ஒட்டுது: பெட்ரோல் ஜாஸ்தி, ரிச்சா ஓடுது, இல்லன்னா ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு, இல்ல சோக் எங்கயோ மாட்டிட்டு இருக்கு.

நனைஞ்சிருக்கு, மோந்தா பெட்ரோல் வாடை, விரல்ல தேச்சா சீக்கிரம் ஆவியாயிடுது: உள்ள பெட்ரோல் தேங்கி ஃப்ளட் ஆயிருக்கு, இல்லன்னா ஸ்பார்க்கே வரல. இந்த ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஸ்பார்க் வராததால நனைஞ்ச ப்ளக்கும், நனைஞ்சதால ஸ்பார்க் வராத ப்ளக்கும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். புது ப்ளக் போட்டதும் உடனே ஸ்டார்ட் ஆகி நல்லா ஓடினா கரன்ட் பக்கம் ஓகே, பெட்ரோல் பக்கம் தேடுங்க. புதுசு போட்டும் தும்மிட்டே இருந்தா கரன்ட் பக்கம் போங்க.

நனைஞ்சிருக்கு, வழவழன்னு எண்ணெய், தொடச்சாலும் பிசுபிசுப்பு போகல: ஆயில் ஜாஸ்தி, அல்லது கியர் ஆயில் உள்ள வருது. கியர் ஆயிலுக்குன்னு ஒரு கந்தக வாடை இருக்கும், 2டி (2 ஸ்ட்ரோக்) ஆயில் வாடையிலேர்ந்து தனியா தெரியும்.

கேப்புக்கு குறுக்க ஒரு சின்ன முடி மாதிரி கரி பாலம் போட்டிருக்கு: இது 2 ஸ்ட்ரோக்ல மட்டும் அதிகமா வர்ற தொல்லை. ரொம்ப நேரம் மெதுவா ஓட்டிட்டு திடீர்னு ஃபுல்லா அழுத்தும்போது பிஸ்டன் மேல படிஞ்ச கரி பிச்சிட்டு வந்து கேப்ல மாட்டிக்கும், வண்டி சட்டுனு ஆஃப் ஆகும். சில்லறை விஷயம் மாதிரி இருக்கும், ஆனா அடிக்கடி வந்தா பிஸ்டன் தலையிலயும் எக்ஸாஸ்ட் போர்ட்லயும் கரி ஏறிடுச்சுன்னு அர்த்தம், ஹெட்ட கழட்டி சுத்தம் பண்ணணும்.

வெளிர் பழுப்பு, டீ கலர்: நல்லது. இப்ப வர்ற அன்லெடட் பெட்ரோல்ல கலர் முன்ன மாதிரி அழுத்தமா வராது, அதனால மேல வளைஞ்சு வர்ற அந்த சின்ன பட்டைல சூட்டு அடையாளம் எங்க முடியுதுன்னும் பாருங்க, வளைவுக்கு பக்கத்துல இருந்தா ஹீட் ரேஞ்ச் (ப்ளக் எவ்ளோ சூட்ட வெளிய விடுதுங்கற அளவு) ஏறக்குறைய சரி.

சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, பீங்கான் மேல மினுக்குற சின்ன சின்ன புள்ளி: வண்டிய உடனே நிறுத்துங்க. அந்த மினுமினுப்பு பிஸ்டன்லேர்ந்து வந்த அலுமினியம். கருப்பு ப்ளக்கால போறது ஒரு ப்ளக்தான், வெள்ளை ப்ளக்குன்னா அடுத்த லேப்லயே இன்ஜின் ஜாம் ஆகலாம், ஓடிட்டிருக்கும்போது ஜாம் ஆனா பின் வீல் லாக் ஆகி குழந்தை விழலாம். எல்லா ப்ளக் பிரச்சனைலயும் எனக்கு பயம் இது ஒண்ணுதான்.

ப்ரெடேட்டர், வைப்பர் மாதிரி வண்டில சோக் லிவரே இல்லயே, அப்ப சோக் மாட்டிக்கறதுக்கு வாய்ப்பு இல்லல்ல?

இருக்கு, இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. இந்த வகை வண்டில பலதுல கார்ப் பக்கத்துல ஒயர் போட்ட ஒரு குட்டி உருளை இருக்கும், அதுதான் ஆட்டோ சோக். இன்ஜின் ஓடும்போது கரன்ட் வந்து அது சூடாகும், உள்ள இருக்கற மெழுகு விரிஞ்சு ஒரு ஊசிய தள்ளி எக்ஸ்ட்ரா பெட்ரோல் வழிய மெதுவா மூடும். அதாவது கரன்ட் வந்தாதான் சோக் மூடும். கரன்ட் இல்லன்னா எப்பவும் திறந்தே இருக்கும்.

இப்ப ரேஸுக்கு வெயிட் குறைக்கறேன்னு லைட்ட கழட்டி, ஒயரிங்க சுத்தம் பண்ணும்போது இந்த ஒயரையும் சேத்து வெட்டிடறாங்க. வண்டி காலைல அருமையா ஸ்டார்ட் ஆகும், சூடாக சூடாக திணறும், ப்ளக் கருப்பா வரும், ஜெட் மாத்துவாங்க, ப்ளக் மாத்துவாங்க, ஒண்ணும் பிரயோஜனம் இருக்காது. பழைய வண்டி வாங்கியிருந்தா முதல் வேலையா இத பாருங்க. யூனிட்ட கழட்டி 12 வோல்ட் பேட்டரில குடுத்து அஞ்சு நிமிஷம் வைங்க, கையில சூடு தெரியணும், ஊசி வெளிய நீளணும். நீளலன்னா புதுசு போடுங்க, இல்லன்னா கையால இழுக்கற சோக் கிட் போட்டுக்கங்க. ரேஸுக்கு எனக்கு கை சோக்தான் புடிக்கும், எது திறந்திருக்கு எது மூடியிருக்குன்னு கண்ணால தெரியும்.

ஹாட் ப்ளக் (சூட்ட மெதுவா வெளிய விடற ப்ளக்) போட்டா தீர்ந்துடும்னு சொல்றாங்களே?

சில சமயம் தீரும், ஆனா அது முதல் வேலையா இருக்கக் கூடாது. என்ஜிகே கம்பெனி ப்ளக்ல நம்பர் ஏற ஏற கூல் ப்ளக், இறங்க இறங்க ஹாட். பிஆர்8எச்எஸ்ல அந்த 8தான் ஹீட் ரேஞ்ச், பி-ன்னா 14 மிமீ த்ரெட், ஆர்-ன்னா உள்ள ரெசிஸ்டர் இருக்கு, எச்-ன்னா த்ரெட் நீளம் 12.7 மிமீ, அதே இடத்துல இ இருந்தா 19 மிமீ. டென்சோலயும் நம்பர் ஏறினா கூல்தான், ஆனா எண்கள் வேற, என்ஜிகே 8க்கு டென்சோ 24 சமம். சாம்பியன்லயும் பாஷ்லயும் தலைகீழ், நம்பர் ஏறினா ஹாட். கடைக்காரர் "இதுக்கு பதிலா இது"ன்னு குடுத்தா இத மனசுல வெச்சுக்கங்க.

நீளம் தப்பா இருந்தா ஹீட் ரேஞ்ச்ச விட பெரிய ஆபத்து. 12.7 போட வேண்டிய ஹெட்ல 19 மிமீ ப்ளக்க திருகினா பிஸ்டன் வந்து அடிக்கும்.

ஜெட்டிங் (கார்ப் ஜெட் அளவுகள்) சரி, சோக் சரி, சீல் சரி, குழந்தை மட்டும் இன்னும் மெதுவா ஓட்டுதுன்னா ஒரே ஒரு படி ஹாட்டா போடலாம், 8 போட சொன்ன இடத்துல 7. ரெண்டு படி இறங்காதீங்க. குழந்தை வேகம் புடிச்சு ஃபுல்லா அழுத்த ஆரம்பிச்சதும் பழைய நம்பருக்கே வந்துடுங்க.

ஆயில குறைச்சு கலந்தா ப்ளக் நனையாதுல்ல?

தயவுசெய்து இத பண்ணாதீங்க. மேனுவல்ல 32க்கு 1னு போட்டிருந்தா லிட்டருக்கு 31 மில்லி, 40க்கு 1னா 25 மில்லி, 50க்கு 1னா 20 மில்லி, அதையே போடுங்க. ஆயில் குறைஞ்சா அதே ஜெட் வழியா பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கூடதான் போகும், ரிச் ஆகுமே தவிர லீன் (பெட்ரோல் கம்மி) ஆகாது, கூடவே பேரிங்கும் பிஸ்டனும் காயும். சைலன்சர்ல கருப்பா ஒழுகறத பாத்து எல்லாரும் ஆயில் ஜாஸ்தின்னு நினைக்கறாங்க, பெரும்பாலும் அது எரியாத பெட்ரோலோட சேந்து வர்ற ஆயில், ஜெட்டிங் சரியானா அதுவும் நிக்கும்.

அளவ விட வகை முக்கியம். பெரிய ரேஸ் பைக்குக்குன்னு வர்ற சில ஆயில் ரொம்ப அதிக சூட்டுலதான் எரியும், ஆமணக்கு எண்ணெய் கலந்ததும் அந்த மாதிரிதான், மெதுவா ஓடற சின்ன இன்ஜின்ல அது எரியாம பிசினா படியும். உங்க குழந்தை ஓட்டற வேகத்துக்கு சாதாரண நல்ல 2டி ப்ரீமிக்ஸ் (பெட்ரோலோட முன்னாடியே கலக்கற) ஆயிலே போதும்.

ஆயில் பம்ப் இருக்கற வண்டின்னா டேங்க்ல கலந்தும் ஊத்தறாங்களா பாருங்க. முந்தின ஓனர் பம்ப்ப அப்படியே விட்டுட்டு "சேஃப்டிக்கு" ப்ரீமிக்ஸும் போட்டிருப்பார், ரெண்டு மடங்கு ஆயில். ஒண்ணு பம்ப், இல்ல ப்ரீமிக்ஸ். பம்ப்ப எடுக்கறதா இருந்தா டேங்க்ல கலக்கறத உறுதி பண்ணிட்டு எடுங்க. அதோட பம்ப் லைன்ல ஒன்வே வால்வு கெட்டுப் போனா வண்டி சும்மா நிக்கும்போதே ஆயில் கிராங்க்குள்ள இறங்கும், ஒரு வாரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா தெருவே புகை மண்டலமாயிடும்.

சரி, ஜெட்டிங் எப்படி பாக்கறது? எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

ஜெட்ட தொடறதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டர கழுவி காய வைங்க. ஃபில்டர் ஆயில் பிழிஞ்சா சொட்டற அளவுக்கு இருக்கக் கூடாது, பஞ்சு ஒரே கலர்ல லேசா ஒட்டினா போதும். மேல துணி கவர் போட்டிருந்தா அதுல சேறு காஞ்சு அடைச்சிருக்கான்னு பாருங்க. ஃப்ளோட் லெவல் (கார்ப் கிண்ணத்துல பெட்ரோல் நிக்கற உயரம்) மேனுவல் அளவுல இருக்கட்டும். இதெல்லாம் பண்ணாம ஜெட் மாத்தினா எத மாத்தினதுல சரியாச்சுன்னே தெரியாது.

அப்புறம் கீழேர்ந்து மேல வாங்க. இன்ஜின் நல்லா சூடானதும் கார்ப்ல இருக்கற கலவை ஸ்க்ரூவ கால் சுத்து கால் சுத்தா திருப்பி ஐடில் எங்க அதிகமா நிக்குதுன்னு பாருங்க. அந்த ஸ்க்ரூ கார்ப்ல ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா ஏர் ஸ்க்ரூ, வெளிய எடுத்தா லீன். இன்ஜின் பக்கம் இருந்தா ஃப்யூயல் ஸ்க்ரூ, வெளிய எடுத்தா ரிச். ஏர் ஸ்க்ரூ ரெண்டரை சுத்துக்கு மேல வெளிய வந்தும் இன்னும் கேக்குதுன்னா பைலட் பெருசு, ஒரு சைஸ் குறைங்க. ஒரு சுத்துக்குள்ளயே நல்லா இருந்தா பைலட் சின்னது. கால்வாசிலேர்ந்து முக்கால்வாசி ஆக்சிலேட்டர் வரைக்கும் நீடில், கிளிப்ப மேல் காடிக்கு மாத்தினா நீடில் இறங்கும், லீன் ஆகும். முக்காலுக்கு மேல மெயின்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம். மெயின் ஜெட்ட குறைக்கும்போது ஒவ்வொரு சைஸா இறங்குங்க, ஒவ்வொரு தடவையும் புது ப்ளக் போட்டு நீளமான ஸ்ட்ரெயிட்ல குழந்தைய ஃபுல்லா போகச் சொல்லி கடைசில கில் ஸ்விட்ச் போட்டு நிறுத்தச் சொல்லுங்க, ஐடில்ல உருட்டிட்டு வந்தா அந்த ப்ளக் காட்டறது ஐடில் கலர்தான். நீங்க உக்காந்து ஓட்டி பாக்காதீங்க, உங்க வெயிட்டுக்கு அது வேற மாதிரி ஓடும், சேஸியும் அதுக்கு கட்டினது இல்ல.

வெயிலும் ஊரும் மாறினா கணக்கும் மாறும். ஒஹாயோல ஏப்ரல் குளிர்ல சரியா இருந்த ஜெட், ஆகஸ்ட் மாசம் டென்னசி புழுக்கத்துல ரிச்சாதான் ஓடும். சூடான ஈரக்காத்துல ஆக்சிஜன் கம்மி. திரும்பி குளிர் வரும்போது பெரிய ஜெட்டுக்கு மாற மறந்துடாதீங்க, லீன் ஆகி இன்ஜின் ஜாம் ஆகறது பெரும்பாலும் அந்த முதல் குளிர் ரேஸ்லதான்.

எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் ஆயில்ல குளிச்சுதான் வருது ப்ளக்.

கிராங்க் சீல். கிராங்க்ஷாஃப்டோட ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கு. கியர் ஆயில்லயோ கிளட்ச் ஆயில்லயோ நனையற பக்கத்து சீல் கிழிஞ்சா இன்ஜின் அந்த ஆயில உறிஞ்சும், வெள்ளையா கெட்டியா புகை வரும், எவ்ளோ சூடானாலும் நிக்காது, கியர் ஆயில் லெவல் காரணமே இல்லாம குறையும். ஒரு ரேஸுக்கு முன்னாடி ஆயில அளந்து ஊத்தி ரேஸ் முடிஞ்சு அளந்து எடுங்க, விடை தெரிஞ்சிடும்.

இன்னொரு பக்கம், மேக்னெட் பக்க சீல் போனா நேர்மாறு, காத்த உறிஞ்சும், லீன் ஆகும், வெள்ளை ப்ளக். ஐடில் தானா ஏறி ஏறி இறங்குதுன்னா சந்தேகப்படுங்க. சந்தேகம் இருந்தா லீக் டெஸ்ட் பண்ணுங்க: எக்ஸாஸ்ட்டையும் கார்ப் வழியையும் ரப்பர் அடைப்பு வெச்சு மூடி ப்ளக் ஓட்டை வழியா 6 பிஎஸ்ஐ மட்டும் காத்து ஏத்துங்க, சில நிமிஷம் நிக்கணும். இறங்கினா சோப்புத் தண்ணி தடவுங்க, நுரை எங்க வருதோ அங்க லீக். 6க்கு மேல ஏத்தாதீங்க, நல்லா இருக்கற சீலும் பிதுங்கும்.

வண்டி நிக்கற இடத்துலயே ஃப்ளட் ஆகுது, ஏன்?

ஃப்ளோட் நீடில்ல தூசி மாட்டியிருக்கும், இல்ல நீடில் முனை தேஞ்சிருக்கும். வேக்யூம் டேப் (இன்ஜின் இழுப்புல திறக்கற பெட்ரோல் குழாய்) இருக்கற வண்டின்னா இன்னொரு சான்ஸ் இருக்கு: டேப்புக்குள்ள இருக்கற டயஃப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் அந்த வேக்யூம் ட்யூப் வழியா கார்ப்ப சுத்திக்கிட்டு நேரா இன்ஜினுக்கே போகும். ட்யூப்ப இன்ஜின் பக்கம் கழட்டி பாருங்க, உள்ள பெட்ரோல் ஈரம் இருந்தா டேப் காலி. சாதா டேப் போட்டுட்டு, ஓட்டி முடிச்சதும் மூடற பழக்கம் வெச்சுக்கங்க.

குளிர்ல நல்லா ஸ்டார்ட் ஆகுது, சூடானதும் ஆஃப். ப்ளக் மாத்தினா மறுபடி ஓடுது. அப்ப ப்ளக்தானே?

ப்ளக் மாத்தற பத்து நிமிஷத்துல இன்ஜினும் ஆறிடுதுல்ல, அதான் ஓடுது. அடுத்த தடவ பழைய ப்ளக்கையே வெச்சுட்டு சும்மா பத்து நிமிஷம் விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணி பாருங்க. ஓடினா ஸ்பார்க்குக்கு கரன்ட் குடுக்கற ஸ்டேட்டர் காயிலோ, சிக்னல் குடுக்கற பிக்கப் காயிலோ சூட்டுல வெட்டுது. ஆறின நிலைல ஒரு தடவ, ஆஃப் ஆன உடனே ஒரு தடவ ரெசிஸ்டன்ஸ் அளந்து மேனுவல்ல போட்டிருக்கற அளவோட ஒப்பிடுங்க.

அதுக்கு முன்னாடி காசு செலவாகாத இடங்கள பாருங்க. ப்ளக் மேல மாட்டற மூடிய ஒயர்லேர்ந்து கழட்டி, ஒயர் நுனில அஞ்சு மில்லிமீட்டர் வெட்டி, மறுபடி இறுக்கமா திருகுங்க. ப்ளக் தலைல இருக்கற குட்டி நட் கையால திருகினா ஆடுதா? குறடு வெச்சு இறுக்குங்க, அதுல விழற சின்ன இடைவெளிலயே கரன்ட் பாதி போயிடும். என்ஜின் எர்த் ஒயர் பெயிண்ட் மேல போல்ட் ஆகியிருந்தா சுரண்டி விடுங்க.

அப்புறம் டெத்தர், குழந்தை கைல கட்டற அந்த கயிறு ஸ்விட்ச். தண்ணி, சேறு உள்ள போய் பாதி ஷார்ட் ஆனா மிஸ்ஸிங் அடிக்கும், பாக்கறதுக்கு அப்படியே ப்ளக் போன மாதிரி இருக்கும். ஸ்டாண்ட்ல வெச்சு அந்த ஒயர கழட்டி ஓட விட்டு பாருங்க, மிஸ்ஸிங் நின்னா ஸ்விட்ச்ச மாத்துங்க. டெஸ்ட் முடிஞ்சதும் உடனே கனெக்ட் பண்ணுங்க, அது இல்லாம குழந்தை வண்டில ஏறவே கூடாது.

பழைய ப்ளக்க எமரி பேப்பர் வெச்சு தேச்சு போடலாமா? ஊர்ல டிவிஎஸ் 50க்கு அப்படித்தானே பண்ணுவோம்.

பண்ணுவோம், வீடு வந்து சேர அது போதும். ரேஸுக்கு வேண்டாம். எமரி தூளும் கம்பி பிரஷ்ஷோட உலோகத் துகளும் பீங்கான்ல ஒட்டிக்கும், உள்ள போனா சிலிண்டர கீறும். கழுவின ப்ளக்க ப்ராக்டிஸ்க்கு வெச்சுக்கங்க, ரேஸுக்கு புதுசு.

இரிடியம் போட்டா அடிக்கடி போகாதா?

முனை மெல்லிசா இருக்கறதால குறைஞ்ச வோல்ட்லயே ஸ்பார்க் வரும், அதனால லேசான கரிய கொஞ்சம் நல்லாவே தாங்கும். ஆனா பீங்கான் முழுக்க கருப்பாச்சுன்னா அதுவும் போகும், விலை மட்டும் பல மடங்கு. ஜெட்டிங் முடியற வரைக்கும் சாதா ப்ளக்லயே ஓட்டுங்க. கேப் மேனுவல்படி வைங்க, இரிடியம்ல நடு முனைய தொட்டு நெம்பாதீங்க, ஒடஞ்சிடும்.

எவ்ளோ டைட் பண்ணணும்?

முதல்ல ப்ளக் சுத்தி இருக்கற மண்ண காத்தடிச்சு ஊதிட்டு கழட்டுங்க, இன்ஜின் ஆறினப்புறம். 14 மிமீ ப்ளக், அலுமினியம் ஹெட்ல 25லேர்ந்து 30 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லன்னா விரலால முழுசா இறங்கற வரைக்கும் திருகி, புது ப்ளக்குனா ஸ்பேனர்ல இன்னும் அரை சுத்து. லூசா விட்டா ப்ளக்கோட சூடு ஹெட்டுக்கு இறங்காம மூக்கு காயும், அதுவும் ஒரு வெள்ளை ப்ளக் காரணம்.

ரேஸ் பெட்ரோல் ஊத்தினா நல்லதா?

இன்ஜின் கேட்டா மட்டும். ஸ்டாக் கம்ப்ரெஷன்ல இருக்கற வண்டிக்கு 110 ஆக்டேன் லெடட் பெட்ரோல் ஒரு சக்தியும் குடுக்காது, ஈயம் படிஞ்சு பீங்கான் பளபளன்னு ஆகி சூட்டுல மிஸ்ஸிங் குடுக்கும். கோப்ரா மாதிரி முழு ரேஸ் இன்ஜின்னா மேனுவல் சொல்றத ஊத்துங்க. அமெரிக்கால பம்ப் பெட்ரோல்ல பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கும், ஈரத்த இழுக்கும், அதனால கலந்து வெச்ச கேன்ன மாசக்கணக்கா வெச்சிருந்து ஊத்தாதீங்க.

எங்களது 4 ஸ்ட்ரோக் 90. அதுலயும் ப்ளக் போகுது.

இதுல பெட்ரோலோட ஆயில் கலக்கறது இல்ல, அதனால ப்ளக்ல எண்ணெய் வந்தா அது வந்த வழி ரெண்டுதான்: பிஸ்டன் ரிங், இல்லன்னா வால்வ் சீல். கொஞ்ச நேரம் நின்னுட்டு ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலமா புகை வந்தா வால்வ் சீல், ஆக்சிலேட்டர் குடுக்கும்போதெல்லாம் வந்தா ரிங். காஞ்ச கருப்புன்னா சோக், ஃபில்டர், ஜெட், மேல சொன்னதேதான். வால்வ் க்ளியரன்ஸும் பாருங்க.

ரேஸ் அன்னைக்கு ஸ்டார்ட் லைன்லயே நனைஞ்சு போகுது, என்ன பண்றது?

ஜிஎன்சிசில இன்ஜின் ஆஃப்ல இருந்துதான் ஸ்டார்ட், கொடி விழுந்ததும் ஸ்டார்ட் பண்ணி போகணும், அதனால நனைஞ்ச ப்ளக் இருந்தா மொத்த வரிசையும் போனப்புறம் உங்க குழந்தை மட்டும் நின்னுட்டு இருக்கும், அந்த முகத்த பாக்க முடியாது. லைனுக்கு போறதுக்கு கொஞ்சம் முன்னாடி சூடு பண்ணிட்டு, லேசா ஆக்சிலேட்டர் குடுத்து தெளிய விட்டு, அப்படியே கில் போடுங்க, ஐடில்ல கிடந்து ஆஃப் ஆக விடாதீங்க. லைன்ல நிக்கும்போது குழந்தை சும்மா சோக்க இழுத்து விளையாடாம பாத்துக்கங்க, டேப் வசதி இருந்தா நின்ன நேரம் மூடி வெச்சு ஸ்டார்ட்டுக்கு முன்னாடி திறங்க.

நனைஞ்சே போச்சுன்னா சோக்க மூடி, ஆக்சிலேட்டர முழுசா அழுத்திப் புடிச்சு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, காத்து நிறைய போய் பெரும்பாலும் புடிச்சுக்கும். புடிக்கலன்னா டேப்ப மூடிட்டு ப்ளக்க கழட்டி, ஒயர் நுனி மூடிக்குள்ள வேற ஒரு ப்ளக் மாட்டி அத ஓட்டைலேர்ந்து தள்ளி இன்ஜின் இரும்புல எர்த் ஆகற மாதிரி வைங்க, அப்புறம் கிக் பண்ணி உள்ள இருக்கற பெட்ரோல வெளிய தள்ளுங்க. சும்மா தொங்க விட்டு கிக் பண்ணா சிடிஐ போயிடலாம், ஓட்டை பக்கத்துலயே ஸ்பார்க் வந்தா வெளிய அடிக்கற பெட்ரோல் பத்திக்கும். அதனால அந்த நேரத்துல குழந்தைய வண்டிலேர்ந்து இறக்கி தள்ளி நிக்க வைங்க. கேப் செட் பண்ண புது ப்ளக் ஒண்ணு, ப்ளக் ஸ்பேனர், ஒரு காஞ்ச துணி, இது மூணும் உங்க பேன்ட் பாக்கெட்லயே இருக்கட்டும், வேன்ல இருக்கற டூல்பாக்ஸுக்கு ஓடிட்டு வர அங்க நேரம் கிடைக்காது.